மாவக்காவின் பத்தியம்

அந்த நாற்றம் மாவிலிருந்துதான் வருகிறது என்று மாவக்கா முதலில் நினைத்தாள். ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த மாவுக்கு ஒரு புளித்த வாடை உண்டு. அளவோடு இருக்கும்வரை அது பசியைக் கிளப்பும். ஒரு மணி நேரம் கூடிவிட்டால் மூடிவைத்த பழைய பீப்பாயைத் திறந்த மாதிரி மூக்கில் அடிக்கும். தொட்டியைத் திறந்து முகர்ந்தாள். மாவு சரியாகத்தான் இருந்தது. மேசை துடைக்கிற துணியை முகர்ந்தாள். எங்காவது ஓர் உருண்டை விழுந்து கெட்டுக் கிடக்கிறதா என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். குனிந்தபோதுதான் நாற்றம் கூடியது. அது அவள் சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

மதியம் வீட்டுக்குப் போனதும் குளியலறையைத் தாழ்போட்டுக்கொண்டு, கைக்கண்ணாடியைப் பிடித்து இடது மார்பைத் தூக்கிப் பார்த்தாள். மடிப்பு முழுக்க உரித்த மாதிரிச் சிவப்பு. ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. மடிப்பின் ஆழத்தில், திரிந்த பால் போல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் வழித்தாள். மேசையைச் சுரண்டும்போது நகத்துக்குள் சிக்குமே ஈர மாவு, அதைப் போலவே பிசுபிசுவென்று ஒட்டியது. அதோடு விட்டாளா, முகர்ந்தும் பார்த்தாள். ஏன் முகர்ந்தோம் என்று பிற்பாடு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டாள். காலையில் குடித்த காபி அப்படியே வெளியே வந்துவிட்டது.

சும்மா சும்மா மூக்கைப் பொத்துகிறவள் அல்ல மாவக்கா. ரொட்டிக் கடைக்கு இருபத்தாறு வயதில் தட்டுக் கழுவ வந்தவள். சாக்கடை அடைத்தால் கையை விட்டு எடுத்தவள். சர்க்கரை மூட்டைக்குள் செத்துக் கிடந்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டவள். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த பதினோரு மாதமும் எல்லாமே அவள் கைதான். அருவருப்பு என்பது வசதி உள்ளவர்களுக்கு வருகிற வியாதி என்று நினைத்திருந்தாள். அது இத்தனை வருஷம் காத்திருந்து, அவளுடைய உடம்பை வைத்தே அவளைப் பிடித்தது.

தட்டுக் கழுவ வந்தவளிடம் மாவு மேசை வந்துசேர ஐந்து வருஷமானது. பெரிய முதலாளிதான் அவள் கைப்பக்குவத்தைக் கவனித்தார். முதல் கலவையை இயந்திரம் சுற்றிப் போட்டுவிடும். அதற்குப் பிறகுதான் கை வேலை. துண்டு போட்டு, உருட்டி, ஆறவிட்டு, பொங்கிய மாவில் இரண்டு விரலால் குத்திப் பார்க்க வேண்டும். குழி சட்டென்று மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. மூடவே இல்லையென்றால் கதை முடிந்தது. மெல்ல, தூக்கத்திலிருந்து எழுகிறவன் போலச் சோம்பலாக மேலே வந்தால் அடுப்புக்குப் போகலாம். இந்தக் குத்து அவளுக்குத் தப்பியதே இல்லை. பெரிய முதலாளி போய்ச் சேர்ந்து, மகன் பொறுப்புக்கு வந்த பிறகும் அந்த மேசை அவளுடையதாகவே இருந்தது. அவளுக்கு என்று உலகத்தில் ஓர் இடம் இருந்ததென்றால், வீட்டில் அல்ல, அந்த ஆறடி எஃகுப் பலகைதான்.

அடுப்பறை எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஜன்னல் கிடையாது. சுவரில் ஒரு காற்றாடி. அதன் இறக்கைகளில் எண்ணெயும் மாவும் சேர்ந்து முடி முளைத்த மாதிரி தொங்கும். வேலைக்கு வருகிற ஆறு பெண்களும் காலை ஐந்து மணிக்கே நனைந்துவிடுவார்கள். உடை மாற்றுகிற சந்தில், கொக்கிகளுக்குக் கீழே ஒரு தகர டப்பா நிறைய சோள மாவு இருக்கும். க்ரீமைக் கெட்டியாக்க வாங்குகிற மாவுதான். அக்குள், மார்புக்கு அடி, தொடை இடுக்கு என்று ஆளுக்கு ஒரு கை அள்ளி அப்பிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். வியர்வையை உறிஞ்சும், உரசாது, கடையில் விற்கிற பவுடரைவிட வழவழப்பு. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. மாவக்கா வந்தபோதே அந்த டப்பா அங்கே இருந்தது.

அரிக்க ஆரம்பித்ததும் அவள் இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

அவள் பயந்தது அரிப்புக்கு அல்ல. சாப்பாட்டுப் பண்டத்தைத் தொடுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை உண்டு. டாக்டர் கடைக்கே வருவார். தோல் வியாதி இருந்தால் மாவைத் தொடக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேக்குக்கு க்ரீம் போடுகிறவருக்கு மணிக்கட்டில் படை இருந்ததைக் கண்டுபிடித்து வண்டியில் சரக்கு ஏற்ற அனுப்பினார்கள். படை ஒரு மாதத்தில் போய்விட்டது. மனிதர் இன்னும் சரக்குத்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறார். இந்த வருஷப் பரிசோதனைக்கு ஏழு வாரம் இருந்தது. அவள் மேசைக்குப் பக்கத்தில் ட்ரே அடுக்குகிற பெண், எல்லோரும் ட்ரேக்காரி என்று கூப்பிடுகிறவள், ஒரு வருஷமாகவே யாரும் பார்க்காத நேரத்தில் மாவை இரண்டு விரலால் குத்திப் பழகிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் பிள்ளைகள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் கிரீஸில் முங்கிக் கிடக்கிற மனிதருக்கு மூக்கு மட்டும் ராஜா வீட்டு மூக்கு. மூன்றாம் நாளே தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொண்டார். கேட்டதற்கு, கடையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாய், ரொட்டியோடு படுத்த மாதிரி இருக்கிறது என்றார். அவளுக்கு அவருடைய காலுறையின் நாற்றத்தை இருபத்தெட்டு வருஷமாகச் சகித்தது ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்லியிருக்கலாம்தான். சண்டை போடவும் சுத்தமான உடம்பு வேண்டும் போலிருந்தது.

நாத்தனார் கண்ணுக்குத்தான் தப்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தவள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே மாவக்கா முழங்கையால் நெஞ்சைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டாள். சட்டையைத் தூக்கிக் காட்டு என்று கதவைச் சாத்தினாள். பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாத்தனார் மரக்கறிக்கு மாறி மூன்று வருஷம். அன்றிலிருந்து, தன் குடலைப் பற்றி, வாசல் பெருக்கிக் கோலம் போட்ட முற்றத்தைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவாள்.

"இது வெளிய வந்த வியாதி இல்லம்மா. உள்ள ஈஸ்ட் பொங்கி வழியுது. நீ திங்கிற கறியும் சர்க்கரையும்தான் அதுக்குத் தீனி. தீனிய நிறுத்து, பட்டினியில சாகும்."

"சாகுமா அண்ணி? ஏழு வாரத்துல?"

"என்னைப் பாரு."

மாவக்கா பார்த்தாள். நாத்தனாருக்கு அந்த வியாதி எப்போதும் இருந்ததில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

ஒரு தாள் நிறைய எழுதிக் குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போனாள். கறி, மீன், முட்டை கூடாது. சர்க்கரை, தேன், பழம் கூடாது. மைதா, ரொட்டி கூடாது. காளான் அதுவே பூஞ்சை என்பதால் பக்கத்தில் கூடப் போகக்கூடாது. கூடும் என்று எழுதியதில் கீரை, சுரைக்காய், பீன்ஸ், முட்டைக்கோஸ், வெள்ளரி, கொஞ்சம் பருப்பு, தயிர் இருந்தன. காயெல்லாம் வேகவைத்து. உப்பு கொஞ்சம்.

ரொட்டி பிசைகிறவள் ரொட்டி தின்னாமல் இருந்தாள். கடையில் தித்திப்பு மாவை ஒரு துளி வாயில் போட்டுப் பார்ப்பது வழக்கம். போட்டுப் பார்த்துவிட்டுத் தொட்டியில் துப்பினாள். வேகவைத்த சுரைக்காய் வாய்க்குள் போனதும் தானாக வழுக்கிக்கொண்டு போகும். யாரோ ஏற்கனவே மென்று கொடுத்தது மாதிரி இருக்கும். முட்டைக்கோஸ் வெந்த வீட்டில் கதவைத் திறக்கவே கூசும். வீட்டுக்காரருக்குக் கறி சமைத்தாக வேண்டும். அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் வாரம் அந்த வாசனைக்கு நாக்கு ஊறியது. மூன்றாவது வாரம், ஆறிய சட்டியில் கொழுப்பு வெள்ளையாக உறைந்து நின்றதைப் பார்த்தாள். கரண்டியால் தொட்டாள். பாளம் பாளமாக வந்தது. தன் மடிப்பை வழித்த விரல் ஞாபகம் வந்து, சட்டியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கறி என்றாலே அது தோலுக்கு அடியில் இருக்கிற எதுவோதான்.

இப்படியாகக் கறி அவளை விட்டது. படைதான் விடவில்லை. வலது மார்புக்குத் தாவியது, பிறகு தொடை இடுக்குக்கு இறங்கியது. மடிப்பில் கீறல் விழுந்து நீர் கசிந்தது. உள்பாடியைக் கழற்றினால் துணி தோலோடு வந்தது. ஒரு நாளைக்கு மூன்று தரம் மாற்றினாள். மாற்றியதைத் தனி வாளியில் வெந்நீரில் ஊறப்போட்டால் மேலே நுரை கட்டி நின்றது. மேசையில் நிற்கும்போது முழங்கை வரை சோப்புப் போட்டுப் போட்டுக் கை வெளுத்துவிட்டது. அப்படியும் மாவுக்குள் விரல் இறங்குகிற ஒவ்வொரு தடவையும், இந்த ரொட்டியை யாரோ பிள்ளைக்குப் பிட்டு ஊட்டுவார்கள் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துவிட்டு அடுத்த உருண்டையை எடுப்பாள். அந்த எடுப்பதுதான் அவளுக்குப் படையைவிட அசிங்கமாக இருந்தது.

நாத்தனாரிடம் சொன்னாள். சாவதற்கு முன்னால் அது அப்படித்தான் ஆட்டம் போடும் என்று நாத்தனார் சொல்லி, தாளில் பருப்பையும் தயிரையும் அடித்துவிட்டாள்.

ஐந்தாவது வாரம், மாவுத் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். ட்ரேக்காரிதான் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "நீ உக்காருக்கா, நான் குத்திப் பாக்கறேன்" என்றாள். அந்தக் கனிவில் இருந்த அவசரம் மாவக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று வேலை முடிந்து நேராக டாக்டரிடம் போனாள். மருந்துக்கடை மாடியில் இருந்த ஒரு பெண் டாக்டர்.

"பாக்காதீங்க டாக்டர், அசிங்கமா இருக்கும். மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்க."

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, இதைவிட அசிங்கத்தைக் காலையிலேயே பார்த்துவிட்டேன் என்றார். விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மடிப்பைப் பிரித்தார். மடிப்பின் அடியில் வெள்ளையாகப் பாளம் கட்டியிருந்ததைக் கண்ணாடித் தகட்டால் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது வெறும் பூஞ்சை இல்லையே. என்ன போடறீங்க இதுல?"

"பவுடர்தான்."

"என்ன பவுடர்?"

மாவக்கா சொன்னாள். டாக்டர் தகட்டைக் கீழே வைத்தார்.

"அஞ்சு வாரமா உள்ள பட்டினி போட்டுட்டு, வெளிய தினமும் விருந்து வச்சிருக்கீங்களேம்மா. வேர்வையும் சூடும் மாவும் சேந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். ஊரிலேயே அதைத் தெரிந்த ஆள் அவள்தான். வெதுவெதுப்பு, ஈரம், மாவு, மூடி வைக்க ஓர் இடம். பத்தொன்பது வருஷமாகத் தொட்டியில் செய்ததையே தன் நெஞ்சுக்கு அடியிலும் செய்து வைத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை. உடம்பை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு ஓடினால் தேவலை போலிருந்தது.

ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. அதனால் மரக்கறிச் சாப்பாட்டை விடவேண்டாம், தித்திப்பும் மைதாவும் வேண்டாம், அது நல்லதுதான் என்றார் டாக்டர். சர்க்கரை ஏறினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆனால் சாப்பாடு மட்டும் இந்தப் படையை ஆற்றாது. பட்டினி ஆளைத்தான் சாய்க்கும். பருப்பு, பயறு, கடலை, தயிர் எல்லாம் வயிறாரச் சாப்பிடணும். மடிப்பைக் கழுவி, ஒத்தி ஒத்திக் காயவைத்து, இரண்டு வேளை களிம்பு போடணும். பருத்தித் துணியை மடித்து நடுவில் வைக்கணும். முடிந்தால் மூன்று நான்கு வாரம் அடுப்பறைச் சூட்டில் நிற்கக்கூடாது.

கடைசியைத் தவிர எல்லாவற்றையும் செய்தாள். குளிர்பெட்டித் தாளை நாத்தனார் எதிரிலேயே கிழிக்க வேண்டியதாகிவிட்டது. படித்தவள் சொன்னால்தான் ஏறும் என்று சொல்லிவிட்டு நாத்தனார் ஒரு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதுவும் ஒரு பத்தியம்தான், உடம்புக்கு நல்லது என்றார் வீட்டுக்காரர். தன் அக்காவைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊறவைத்த பயறை வேகவைத்து, வெங்காயமும் வெள்ளரியும் அரிந்து கலந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டபோது மாவக்காவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மென்று தின்பதற்கு ஏதோ ஒன்று கிடைத்ததே.

சந்தில் மற்ற பெண்களிடம், அந்த மாவை உடம்பில் போடக் கூடாதாம், யாரோ சொன்னார்கள் என்று பட்டும் படாமல் சொல்லிப் பார்த்தாள். சிரித்தார்கள். ட்ரேக்காரி வேண்டுமென்றே இன்னொரு கை அள்ளி, அக்குளில் தட்டிக்கொண்டு போனாள்.

பரிசோதனை நாள் வந்தது. அதற்குள் இடது பக்கம் முக்கால்வாசி ஆறியிருந்தது. வலது மடிப்பில் இன்னும் ஈரம் இருந்தது. மூட்டை அடுக்குகிற அறையில் டாக்டர் ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வேறு டாக்டர், ஆண். மாவக்கா வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தாள்: கேட்டால் மறைப்பதில்லை, கேட்காவிட்டால் சொல்வதில்லை. அவர் கையைக் காட்டச் சொன்னார். திருப்பச் சொன்னார். நகம், நாக்கு. இருமல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, தோல் வியாதி உண்டா என்று ஒரே மூச்சில், பஸ் நிறுத்தங்களின் பெயர் சொல்வதைப் போலச் சொல்லிக்கொண்டே முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றினார்.

"தோல்ல இருக்குங்க" என்றாள் மாவக்கா.

"கையிலயா?"

"இல்லைங்க. நெஞ்சுக்கு—"

"கையில இல்லையில்ல. அடுத்த ஆளு."

முத்திரை விழுந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்து வாரம் தின்ற சுரைக்காய் மொத்தமும் இதற்காகவா என்றிருந்தது அவளுக்கு. யாருமே பார்க்கவில்லை. எந்த வருஷமும் பார்த்ததில்லை. சரக்கு ஏற்றப் போனவர் செய்த ஒரே தப்பு, படையை மணிக்கட்டில் வைத்துக்கொண்டதுதான். இத்தனை பேர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் அவளுடைய மடிப்புக்கும் நடுவில் அவளைத் தவிரக் காவல் இல்லை. முத்திரை விழுந்த அந்தத் தாளைப் பிடித்திருந்த விரலையே துடைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மேசைக்குப் போனாள். மாவு பொங்கித் தயாராக இருந்தது. இரண்டு விரலை நீட்டினாள். நீட்டியபடியே நின்றாள். பிறகு விரலை மடக்கிக்கொண்டு சின்ன முதலாளியைத் தேடிப் போனாள்.

அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவளிடம் சூடான ரொட்டி கேட்டு நின்ற பிள்ளை. இன்றைக்கும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். மூன்று வாரம் பொட்டலம் கட்டுகிற அறைக்கு மாற்றிவிடு என்றாள். அங்கே சூடு இல்லை, எல்லாம் உறைக்குள் போன ரொட்டி. அவன் காரணம் கேட்டான்.

"சர்டிபிகேட்தான் குடுத்துட்டாங்களேக்கா."

"சீட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. உடம்பு நல்லா இல்ல. நெஞ்சுக்கு அடியில படை. எனக்கே அந்த மாவைத் தொடக் கூசுது."

அவன் மூக்கு சுருங்கியது. ஒரு நொடிதான், உடனே சரிசெய்துகொண்டான். அவளுக்கு அதில் கோபமில்லை. தன் மூக்கு செய்ததைத்தான் அவன் மூக்கும் செய்தது. மேசைக்கு ட்ரேக்காரியைப் போடுகிறேன் என்றான். திரும்ப எப்போது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

பொட்டலம் கட்டுகிற அறையில் ஜன்னல் இருந்தது. ரொட்டியை உறையில் போட்டு, வாயை முறுக்கி, கம்பி சுற்றுவது வேலை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாவு மேசையில் உருண்டை விழுகிற சத்தம் கேட்கும். யார் அடித்தாலும் சத்தத்தை வைத்தே அவளால் சொல்ல முடியும், அது இன்னும் இரண்டு நிமிஷம் பிசைய வேண்டிய மாவு என்று. சொல்லாமல் கம்பி சுற்றினாள். மத்தியானம் கடலையும் கீரையும் சாப்பிட்டாள். மடிப்பு காய்ந்துகொண்டு வந்தது.

பத்து நாள் கழித்து, கை கழுவுகிற இடத்தில் ட்ரேக்காரி அவளை ஓரமாகக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். சட்டையைத் தூக்கினாள். அக்குளிலிருந்து மார்பின் பக்கம் வரை சிவந்து, வெள்ளை படிந்து, அதே வாடை. மாவக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. தன்னுடையதைவிட அடுத்தவளுடையது மோசமாக இருந்தது. ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கிட்டே போய், நன்றாகப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. உனக்கும் இதுதானாக்கா?"

"இதேதான். அந்த மாவைப் போடாத. கழுவி, ஒத்திக் காயவை. மாடி டாக்டர்கிட்ட போ, பாத்துட்டு எழுதிக் குடுப்பாங்க. சர்க்கரையும் பாக்கச் சொல்லு."

ட்ரேக்காரி சட்டையை இறக்கிக்கொண்டாள். போகவில்லை.

"முதலாளிகிட்ட சொல்லிருவியா?"

மாவக்கா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை போதும்; நாளைக்கே மேசை திரும்ப வந்துவிடும். இன்னும் ஈரம் மிச்சமிருக்கிற தன் மடிப்போடு அதன் முன்னால் போய் நிற்பாள். அது எவ்வளவு சுலபம் என்று பார்த்தபோது, கொஞ்சம் முன்பு பார்த்ததைவிட அதிகமாகக் குமட்டியது.

"நான் சொன்னா மேசைக்காகச் சொன்னேன்னு ஆயிடும். நீயே சொல்லு. நாளைக்குக் காலையில மாவைத் தொடறதுக்கு முன்னாடி."

"சொல்லலைன்னா?"

"தொடும்போது உனக்கே தெரியும்."

மறுநாள் காலை ஆறு மணி வரை உருண்டைச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ஏழு மணிக்கு ட்ரேக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பொட்டலம் கட்டுகிற அறைக்குள் வந்து, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கம்பியை எடுத்தாள். மாவக்கா தன் கிண்ணத்திலிருந்து ஒரு கை கடலையை அவள் பக்கம் தள்ளிவைத்தாள். வேகவைத்ததா என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே ட்ரேக்காரி தின்றாள்.

எட்டு மணிக்கு அடுத்த அடுப்பின் ரொட்டிகள் வந்தன. ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் உட்கார்ந்து, நடுவில் பிளந்து, பல்வலிக்காரன் கன்னம் போல இருந்தன. மாவக்கா ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தாள். உள்ளே ஈர மாவு அப்படியே விரலில் ஒட்டியது. துணியில் துடைத்துக்கொண்டு, இதைப் பிசைந்தது யார் என்று கேட்டாள்.

அவள் கேட்ட ஆள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். முழங்கை வரை மாவு. கண்ணிமையிலும் மாவு.

"எப்பக்கா வருவீங்க?" என்றான் சின்ன முதலாளி.

"முழுசா காயட்டும் தம்பி, வர்றேன். அதுவரைக்கும் இதைத் தயவுபண்ணி யாருக்கும் வித்துடாத."